கொரிய நாடகக் கைவைத்தியம்: எதை எடுக்கலாம், எதை விடவேணும்

கொரிய நாடகத்தில் ஒருவருக்குச் சாப்பாடு செமிக்காமல் நெஞ்சடைத்தால், வீட்டில் யாராவது அவரின் கையைத் தோளிலிருந்து உருவிவிட்டு, பெருவிரலை நூலால் இறுக்கி, நகத்தடியில் ஊசியால் குத்துவார்கள். கறுப்பு இரத்தம் வந்தால் அடைப்பு விட்டது என்பது அங்குள்ள நம்பிக்கை. நூலால் இறுக்கிய எந்த விரலிலும் இரத்தம் தேங்கிக் கறுக்கத்தான் செய்யும். வயிற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுத்தமில்லாத ஊசியால் கிருமி தொற்றலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, மாரடைப்பைச் செமியாமை என்று நினைத்து நேரத்தைக் கடத்துவது. எங்கள் ஓமத்தண்ணியிலும் இதே ஆபத்து உண்டு. நெஞ்சு இறுக்கத்தோடு குளிர்ந்த வியர்வை, கை அல்லது தாடை நோவு இருந்தால் உடனே இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். நாடகத்தில் அழைக்கும் 119 கொரியாவில் தீயணைப்புக்கும் அம்புலன்சுக்கும் உரியது; இங்கே அது பொலிஸ்.

அடுத்தது சுளுக்கு. கால் பிரண்டவரை நாயகன் முதுகில் தூக்கிப்போவது காதலுக்காக எழுதிய காட்சி என்றாலும் வைத்தியப்படியும் சரிதான்: அந்தக் காலில் பாரம் ஏறக்கூடாது. பிறகு அங்கே நோ பிளாஸ்ரர் ஒட்டுவார்கள், அல்லது அக்குபங்சர் ஊசிவைத்தியரிடம் போவார்கள். இங்கே என்றால் அன்றைக்கே எண்ணெயைச் சூடாக்கி உருவத் தொடங்கிவிடுவோம். முதல் இரண்டு நாளும் சூடும் உருவலும் கூடாது. உள்ளே கசிவு கூடி வீக்கம் ஏறும். ஐஸைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணிக்கொருமுறை. இழுபடும் பன்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலித்தால், விறைத்தால் இறுக்கம் கூடிவிட்டது, தளர்த்துங்கள். படுக்கும்போது தலகணி வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். நாலு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தினால் நொந்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை யாரையும் உருவ விடவேண்டாம்.

அடிபட்ட கண்ணைச் சுற்றி அவித்த முட்டையை உருட்டுவதும் இதே கணக்கு. முதல் நாள் குளிர்தான் வேணும். சூட்டு ஒத்தணம் இரண்டு நாளுக்குப் பிறகு. பார்வை மங்கினால் முட்டையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெட்டுக்காயத்துக்கு நாடகத்தில் பாமசிப் பையோடு வந்து, ஊதி ஊதிக் கிறீம் பூசி, பிளாஸ்ரர் ஒட்டுவார்கள். ஊதினால் வாய்க்கிருமி காயத்துக்குப் போகும். கழுவுவதைத்தான் பெரும்பாலும் காட்டுவதில்லை, முக்கியமானதோ அதுதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, காயத்தை ஓடும் தண்ணியில் 5 நிமிடம் பிடியுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்த்தால் கட்டிய இரத்தம் மீண்டும் உடையும். கோப்பித்தூளும் மஞ்சளும் போடாதீர்கள், தையல் போடமுதல் அதைச் சுரண்டி எடுக்கவேண்டி வரும். பனங்கருக்கு கிழித்திருந்தால் உள்ளே சிராய் நிற்கிறதா பாருங்கள். துருப்பிடித்த ஆணி, எரு கலந்த மண் பட்ட காயம் என்றால், கடைசி ஏற்பு ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மீண்டும் போடவேணும்.

கொரியாவின் பேர்போன காயக் கிறீமான மடெக்கசோலில் இருப்பது வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த சாரம். அதற்காக இலையை அரைத்துக் காயத்தில் அப்பவேண்டாம், சம்பலுக்கே வைத்திருங்கள்.

அவர்களிடம் எடுக்கக்கூடியது, காயநீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஹைட்ரோகொலாயிட் பிளாஸ்ரர். ஆழமில்லாத உரஞ்சல் காயத்தைக் கழுவி, சுற்றுத்தோலை ஒற்றி உலர்த்தி, காயத்தைவிட ஒரு விரலகலம் பெரிதாக ஒட்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பொங்கினால் அது பெரும்பாலும் சீழ் அல்ல, உறிஞ்சிய காயநீர். ஓரம் கசியாவிட்டால் இரண்டு மூன்று நாள் விடலாம். சிவப்பு பரவுகிறது, சூடாயிருக்கிறது, நாறுகிறது என்றால் உடனே கழற்றி வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் கால் காயத்துக்குத் தாங்களாக இதை ஒட்டக்கூடாது.

மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாக்க வேண்டாம். முன்னே குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள்.