ஏப்ரலில் சிவக்கும் உள்ளான்: கடலோர அரிய பறவையை உறுதி செய்யும் முறை

வலசைப் பறவை என்றாலே டிசம்பர், ஜனவரி என்று நினைக்கிறோம். வடக்கே திரும்பும் பயணம் மார்ச்சிலிருந்து மே தொடக்கம் வரை நம் கடற்கரை வழியாகவே நடக்கிறது. உள்ளான் போன்ற கரைப்பறவைகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் இல்லை. கோடியக்கரை, பழவேற்காடு, தனுஷ்கோடி மூன்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். கோடியக்கரையில் சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

1. வெயிலுக்கு முன் போய்விடுங்கள்

விடியும்போதே இடத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் உப்பளத்தின் மேல் கானல் அலையும்; எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரிலும் பறவையின் மூக்கு நெளிந்துதான் தெரியும். நம் கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் கடலைப் பார்த்து நின்றால் எல்லாம் கறுப்பு உருவம்தான். சூரியனுக்கு முதுகைக் காட்டி, உப்பளத்தையும் காயலையும் பாருங்கள்.

2. கருவி

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் போதும். 10x (பத்து மடங்கு) கையில் ஆடும், கடற்காற்றில் இன்னும் ஆடும். மிச்சப் பணத்தை நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) போடுங்கள். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி நல்லதுதான், ஆனால் பாதி இறகு மாறிய கரைப்பறவை விஷயத்தில் அது சொல்வதை முடிவாக எடுக்காதீர்கள்.

3. சிவப்பு வயிறு (எல்லோரும் தடுமாறும் இடம்)

தலைப்பில் சொன்ன உள்ளான் இதுதான்: குளிர்காலத்தில் சாம்பலாக இருந்த கர்லூ சேண்ட்பைப்பர் ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு மாறும். ஒரே நாளில் மாறாது. மார்பில் சிவப்புத் திட்டு, நடுவே வெள்ளை, முதுகில் கறுப்பு இறகுகளுக்குச் செம்மண் விளிம்பு என்று அரைகுறையாக நிற்கும். புத்தகத்தில் இருப்பதோ முழுச் சாம்பல், முழுச் சிவப்பு என இரண்டே படம். அதனால் இதை, இதே போல் சிவக்கும் ரெட் நாட் என்ற இன்னொரு கரைப்பறவை என்று பதிவு செய்துவிடுவது சுலபம். ரெட் நாட் இந்தியாவில் உண்மையாகவே அரியது.

நான் நீண்ட நாள் தடுமாறியதும் இந்த இடத்தில்தான். இப்போது நிறத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் மூக்கு: கர்லூ சேண்ட்பைப்பருக்கு நீளமாக, நுனியை நோக்கிக் கீழே வளைந்திருக்கும், ரெட் நாட்டுக்குக் குட்டையாக, நேராக. அடுத்து கால்: முன்னதற்கு நீண்ட கறுப்புக் கால், பின்னதற்குக் குட்டையான, பச்சை கலந்த கால். அப்புறம் உடல்: ரெட் நாட் கொழுத்துப் பெரிதாக இருக்கும், பக்கத்தில் மிகச் சிறிய கொசு உள்ளான் (லிட்டில் ஸ்டின்ட்) நின்றால் உடனே தெரிந்துவிடும். தானாகப் பறந்தால் முதுகுப் பக்கம் வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளை என்றால் இந்த இரண்டில் அது கர்லூ சேண்ட்பைப்பர்.

பறக்க வைப்பதற்காக விரட்டவே கூடாது. சைபீரியத் தூந்திரம் வரை போக வேண்டிய பறவை. இப்போது தின்று சேர்க்கும் கொழுப்புதான் அதன் எரிபொருள்.

4. பதிவு

பார்த்த பறவைகளைப் பதிவிடும் இணையதளமான ஈபேர்டில் அரிய பறவையைச் சேர்த்தால் விவரம் கேட்கும். “தெளிவாகப் பார்த்தேன்” என்று எழுதினால் சரிபார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. மூக்கு, கால், அளவு, எந்தப் பறவையோடு ஒப்பிட்டீர்கள், ஒத்த இனம் ஏன் இல்லை என்று நாலு வரி எழுதுங்கள். மங்கலான படமானாலும் இணையுங்கள். மூக்கின் வளைவு தெரிந்தால் போதும்.

சேர்க்கை: மே கடைசியிலும் சாம்பல் நிறத்திலேயே நிற்பவை வேறு இனமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. முதல் வயதுப் பறவைகள் பல அந்த ஆண்டு வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும், அவற்றுக்குச் சிவப்பு ஏறாது.

இன்னொன்று: காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், மேலே எது கீழே எது, எழுத்து என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால், அந்தப் பறவை எங்கே வளையமிடப்பட்டது என்று தெரிந்துகொள்ள வழி உண்டு.