ஆண்டு விழா ஸ்கிட்டில் பழைய டிவி காமெடி: எங்கே சறுக்குகிறது?

பொங்கல் முடிந்த கையோடு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பள்ளி, கல்லூரிகளில் ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிடும். வரவேற்பு நடனம், கரகம், ரெண்டு சினிமாப் பாட்டு, நடுவில் ஒரு காமெடி ஸ்கிட். அந்த ஸ்கிட் பெரும்பாலும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பாகத்தான் இருக்கும். வாத்தியார் ஒருவர். பெஞ்சில் வட்டிக்கடை சேட்டு, டீக்கடை நாயர், தலைப்பாகை சர்தார், 'ஏமண்டி' போடும் தெலுங்குக்காரர், சமீப காலமாக வாயில் பான்பராக்கோடு ஒரு 'வடக்கன்'. ஆளுக்கு மூன்று வசனம். மூன்றும் உச்சரிப்பு.

இந்தக் காட்சிக்கு ஒரு பாட்டன் உண்டு. 1977 டிசம்பர் 30 அன்று பிரிட்டனில் ஐடிவியில் ஒளிபரப்பைத் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. லண்டனில் வெளிநாட்டவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் மாலை வகுப்புதான் களம். எழுதியவர் வின்ஸ் பவல். மாணவர்களில் ரஞ்சித் சிங் எதற்கெடுத்தாலும் 'ஆயிரம் மன்னிப்பு' கேட்பார், ஜமீலா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே இருப்பார். 1993இல் தூர்தர்ஷனில் 'ஜபான் சம்பால்கே' என்ற பெயரில் அதற்கு இந்தி வடிவமும் வந்தது. நம் ஊர் ஸ்கிட் எழுதுகிறவர்கள் மூலத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. நகலின் நகல் கையில் இருக்கிறது.

அன்று சிரித்த அதே காட்சியை இன்று இருபது வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டினால் நெளிகிறது. ஏன் நெளிகிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வதில்தான் முதல் சறுக்கல்.

'அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியலை' என்பது

தெரிந்தது. சொன்னார்கள். கேட்கத்தான் ஆளில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கேலிப் பாத்திரங்களாகக் காட்டிய 'அமோஸ் அண்ட் ஆண்டி' 1951இல் டிவிக்கு வந்த அதே ஆண்டு, கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பு அதை எதிர்த்தது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடி ஆடிய 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ'வை நிறுத்தச் சொல்லி பிபிசிக்கு 1967இல் மனு போனது. நிகழ்ச்சி 1978 வரை ஓடியது. நம் வகுப்பறைத் தொடரையே 1979இல், அதைத் தயாரித்த லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனின் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், இது புண்படுத்துகிறது என்று சொல்லி நிறுத்தினார். அதாவது, நாம் ஆண்டுக்கணக்காக நகலெடுத்துக்கொண்டிருக்கும் சரக்கைச் சொந்த ஊர்க்காரர்களே ரெண்டு வருஷத்தில் கசந்துபோய் ஓரங்கட்டியிருக்கிறார்கள். அதை 1986இல் மறுபடி தூசு தட்டி எடுத்தார்கள் என்பது வேறு கதை.

ஆகவே 'இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சகிப்புத்தன்மை இல்லை' என்ற பேச்சை ஒத்திகை அறையிலேயே விட்டுவிடலாம். மாறியது சகிப்பு அல்ல. அன்று கேலிக்கு ஆளானவர் டிவிக்கு வெளியே இருந்தார், இன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் இங்கே நிறைய. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறார்கள். மேடையில் 'வடக்கன்' வரும்போது, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையைப் பக்கத்துப் பையன் முழங்கையால் இடிப்பான். மறுநாள் காலை அதற்கு அதுவே பெயராகிவிடும்.

உச்சரிப்பையே நகைச்சுவை என்று நம்புவது

அதிகம் பேர் விழுகிற குழி இது. சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்கிரிப்டை எடுத்து, எந்தப் பாத்திரத்தின் வசனத்தையும் உச்சரிப்பு இல்லாமல், சாதாரணத் தமிழில், தட்டையாக வாசியுங்கள். 'நம்பள்கி பைசா குடுக்கறான், நிம்பள் வட்டி குடுக்கறான்' என்பதை 'நான் பணம் தர்றேன், நீங்க வட்டி கட்டுங்க' என்று படித்தால் என்ன மிஞ்சுகிறது? வட்டிக்கடையில் தினமும் நடக்கிற பேச்சு. நகைச்சுவை அங்கே இல்லை. ஒருவர் நம் மொழியைக் கற்றுக்கொண்ட முயற்சியைத்தான் கேலி செய்திருக்கிறோம். அவர் தமிழ் பேசுகிற அளவுக்கு நம்மில் எத்தனை பேர் மார்வாடி பேசுவோம் என்பதை இங்கே கேட்காமல் விடுகிறேன்.

இதற்குப் பதிலாக, மொழிகள் மோதும் இடத்திலேயே உண்மையான நகைச்சுவை கொட்டிக்கிடக்கிறது. ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. தெலுங்கு பேசும் பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்து, 'ஆவு ஒச்சிந்தி, ஆவு!' என்கிறார். தெலுங்கில் ஆவு என்றால் பசு. பக்கத்துத் தோட்டத்துக் கன்னடக்காரருக்கு அது ஹாவு, அதாவது பாம்பு. கிராமத்துக் கன்னடத்தில் 'ஹ' உதிர்ந்து அதுவும் 'ஆவு' என்றே ஒலிக்கும். அவர் தடியை எடுத்துக்கொண்டு கீழே, புதருக்குள் தேடுகிறார். உருது பேசும் மாங்காய் வியாபாரி பாய், தன்னைத்தான் 'ஆவோ' என்று கூப்பிடுகிறார்கள் என நினைத்துத் தராசோடு வந்து நிற்கிறார். எல்லோருக்கும் விளக்குகிறேன் பேர்வழி என்று நடுவில் நுழைந்த தமிழ்க்காரர், பசுவைப் பாம்பு கடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டுகிறார். பசு பாட்டுக்கு மாவிலை மேய்கிறது.

இதில் முட்டாள் யாருமில்லை. நான்கு பேரும் அவரவர் மொழியில் சரியாகத்தான் கேட்டார்கள். தட்டையாக வாசித்தாலும் சிரிப்பு வரும், யாரும் மூக்கால் பேச வேண்டியதில்லை.

ஆனால் இது மேடையில் சொதப்பவும் வாய்ப்பு உண்டு. கன்னடம் தெரியாத பார்வையாளருக்கு 'ஹாவு' புரியாது. அதனால் முதல் நிமிஷத்திலேயே அந்தச் சொல்லை விதைத்துவிட வேண்டும். தோட்டக்காரர் தன் பேரனை ரப்பர் பாம்பு காட்டி 'ஹாவு, ஹாவு' என்று பயமுறுத்துவதாக ஒரு சின்னக் காட்சி போதும். 'ஆவு' என்றால் பசு என்பதற்கு, பெரியவர் தன் மாட்டை அப்படிச் சொல்லி ஓட்டிப்போகும் ஒரு நடை போதும். இரண்டாவது, ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் வசனத்தின் மேல் வசனம் ஏற்றினால் மொத்தமும் கூச்சலாகிவிடும். மூன்றாவது, உருதுப் பாத்திரத்துக்கு அத்தரும் தொப்பியும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அவர் வந்தது மாங்காய்க்கு. விலை பேசட்டும், காய் பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கட்டும்.

எந்தப் பாத்திரத்துக்கும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இவருக்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், கடைசியில் கிடைத்ததா? சேட்டுக்கும் நாயருக்கும் இதற்குப் பதிலே இல்லை என்றால், அங்கே பாத்திரம் இல்லை, வேஷம் மட்டும் இருக்கிறது.

எல்லாப் பழைய காமெடியையும் ஒரே மூட்டையில் கட்டுவது

'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரில் ஜெர்மானியர்கள் வரும் 1975ஆம் வருஷத்து எபிசோட் ஒன்று. ஹோட்டல்காரர் ஜெர்மன் விருந்தினர்கள் முன்னால் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைத்து நினைத்து அதையே உளறித் தள்ளுவார். அடி வாங்குவது ஜெர்மானியர் அல்ல, அந்த ஆங்கிலேயரின் மனக்கோளாறு. அதே எபிசோடில் கிழட்டு மேஜர் ஒருவர் இனவசைச் சொற்களைப் பேசுகிறார். 2020 ஜூனில் அதற்காக யுகேடிவி என்ற பிரிட்டிஷ் டிவி நிறுவனம் அந்த எபிசோடைத் தன் தளத்திலிருந்து எடுத்தது, பிறகு எச்சரிக்கை வாசகத்தோடு திருப்பி வைத்தது. மேஜரை நோக்கித்தான் சிரிக்கிறோம், மேஜரோடு சேர்ந்து அல்ல என்பது ஹோட்டல்காரராக நடித்து, தொடரை இணைந்து எழுதிய ஜான் கிளீஸின் வாதம்.

வாதம் சரி. ஆனால் அதை அப்படியே நம்பி ஸ்கிட் எழுதினால் மாட்டிக்கொள்வோம். அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி'யின் ஆர்ச்சி பங்கர், இனவெறியைக் கிண்டல் செய்யவே படைக்கப்பட்ட பாத்திரம். விட்மர், ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே அந்த எண்ணம் உள்ள பார்வையாளர்கள் ஆர்ச்சி சொல்வது சரிதான் என்று ரசித்தது தெரிந்தது. கிண்டல் அவர்களுக்கு எட்டவேயில்லை.

நம் மேடையிலும் இதே கதைதான். வடமாநிலத் தொழிலாளியை விரட்டும் வீட்டுக்காரரைக் கெட்டவராகக் காட்டுவோம். அவர் 'ஊரைக் கெடுக்க வந்துட்டானுங்க' என்று சொல்லும் இடத்தில் கைதட்டல் விழும். அந்தக் கைதட்டலை ஒத்திகையிலேயே கண்டுபிடிக்க முடியும். ஸ்கிட்டைப் பற்றி எதுவும் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து ஓட்டுங்கள். கடைசி வரிசையில் ஒருவர் ஸ்கிரிப்டும் பென்சிலுமாக, எந்த வரிக்குச் சிரிப்பு வருகிறது என்று குறிக்கட்டும். வீட்டுக்காரரின் வரிக்குச் சிரிப்பு வந்து, தொழிலாளியின் பதிலுக்கு அமைதி என்றால் வசனம் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சரிசெய்ய வேண்டியது பதிலை. காட்சி முடிவில் 'எல்லோரும் இந்தியர்' என்று ஒரு உரை சேர்ப்பதால் பயனில்லை, அதற்குள் ஜனம் பிஸ்கட் பாக்கெட் பிரித்திருக்கும். வீட்டுக்காரரின் அடுத்த வசனத்துக்குள் தொழிலாளி அவரை மடக்க வேண்டும். உதாரணமாக, இவர் திட்டிக்கொண்டே மோட்டார் சுவிட்சைப் போடுவார், ஓடாது. சரிசெய்யத் தெரிந்தவர் அந்தத் தொழிலாளி ஒருவர்தான்.

நம் மண்ணில் இதற்குப் பாடம் தனியாகத் தேட வேண்டாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றே ராஜாவைக் கிழிப்பான். எளியவனைக் கிழித்துக் கைதட்டல் வாங்குவது அவனுக்குத் தேவைப்படாது.

முகத்துக்குச் சாயம், உடைக்கு வாடகை

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பழங்குடி என்றாலோ ஆப்பிரிக்கர் என்றாலோ முகத்தில் கரி பூசுவது வேண்டாம். நிறத்தைக் காட்டாமல் தொழிலைக் காட்டலாம், கையில் இருக்கும் பொருளைக் காட்டலாம். தலைப்பாகை சீக்கியர்களுக்கு மத அடையாளம். அதைத் தட்டிவிட்டு, பந்தாக எறிந்து விளையாடும் காட்சி இருந்தால் வெட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு நரிக்குறவர் வேஷம் போட்டு ஊசிமணி, பாசிமணியோடு 'சாமியோவ்' சொல்ல வைப்பதும் இதே வகை. அந்தச் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பட்டியல் பழங்குடியினரைப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்த வேண்டுமென்றே அவமதிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விழாக் குழு இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சித்தேரி மலை, சிட்லிங்கிப் பக்கத்து லம்பாடிப் பெண்களின் கண்ணாடி வேலைப்பாட்டு உடையை வாடகைக்கு எடுத்துக் 'காட்டுவாசி டான்ஸ்' என்று ஆடுவதும் இதே வகைக் கேலிதான். அந்தத் தையல் வேலைக்குத் தெரிந்த பெயர் இருக்கிறது, செய்கிறவர்கள் பக்கத்திலேயே, தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

'அவனே சிரிச்சான், அப்புறம் என்ன?'

வகுப்பில் ஒரே ஒரு மார்வாடிப் பையன். ஸ்கிட்டைக் காட்டியபோது சிரித்தான். அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். முப்பது பேர் சிரிக்கும்போது ஒருவன் சிரிக்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். நடிகர்கள் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. வகுப்பறைத் தொடரில் ரஞ்சித்தாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். அதே வகுப்பில் அலி என்ற மாணவராக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ஆசியர்களே நடித்தார்களே என்பார்கள். வசனம் எழுதிய பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. 'சிம்சன்ஸ்' கார்ட்டூனில் கடைக்கார இந்தியர் அபுவுக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் வெள்ளைக்கார நடிகர் ஹாங்க் அசாரியா. அமெரிக்காவில் வாழும் இந்தியர்களின் பிள்ளைகள் பள்ளியில் அந்தக் குரலால் கேலிக்கு ஆளானதை 2017இல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு ஆவணப்படமாக எடுத்தார். 2020இல் அசாரியா அந்தக் குரலிலிருந்து விலகினார்.

இது நமக்கு உறைக்க வேண்டுமானால், 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் போட்ட மதராசிப் பாட்டு வாத்தியார் வேஷத்தை ஒருமுறை பாருங்கள். குடுமி, பட்டை, 'அய்யோ'. அதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறதல்லவா? நாம் எழுதிய சேட்டைப் பார்க்கும் சேட்டுக்கும் அதுதான்.

பழைய காட்சியை வகுப்பில் போடுகிறவர்களுக்கு

சில ஆசிரியர்கள் இதையெல்லாம் பாடமாகவே எடுக்க நினைக்கிறார்கள். நல்லது. முழு எபிசோடையும் ஓட்ட வேண்டாம், மூன்று நிமிஷத் துண்டு போதும். போடுவதற்கு முன்பே வருஷம், நாடு, யார் எழுதியது, யார் நடித்தது என்பதைப் பலகையில் எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். முதல் தடவை சத்தத்தோடு, இரண்டாம் தடவை சத்தமில்லாமல் ஓட்டுங்கள். சத்தமில்லாமல் பார்க்கும்போதுதான், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், கேமரா யாருடைய முகத்தில் போய் நிற்கிறது என்பது கண்ணில் படும். முடிந்ததும் அந்த இனத்து, அந்த மொழிப் பிள்ளையை எழுப்பி 'உனக்கு எப்படி இருந்தது?' என்று மட்டும் கேட்காதீர்கள். அது இன்னொரு ஸ்கிட்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலும் கோட்டை விடுவது. ஸ்கிட்டை எல்லாம் கவனமாகத் திருத்தியிருப்போம், விழா மேடையில் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து 'நம்பள்கி ரொம்ப சந்தோஷம் ஆகறான்' என்று தானாகச் சேர்த்துவிடுவார். கூட்டமும் ஸ்கிட்டுக்குச் சிரித்ததைவிட அதற்கு அதிகமாகச் சிரிக்கும். தொகுப்புரையையும் எழுதி, முதல் நாளே கையில் கொடுத்து, ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.