ஐரோப்பாவிலிருந்து என்பிஏ போகும் இளம் ஃபார்வர்ட்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பத்தொன்பது வயசு, ஆறடி ஒன்பது அங்குலம், ஃபார்வர்டாக (ரிங்குக்கு அருகிலும் வெளியிலும் ஆடும் உயரமான ஆள்) ஆடுபவன், வெளியிலிருந்து ஷாட் போடத் தெரிந்த பையன். ஐரோப்பிய கூடைப்பந்து கிளப்பில் ஆட்டத்துக்கு 7 புள்ளி எடுக்கிறான் என்றதும் "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் ஆடப்படும் ஃபிபா (சர்வதேச கூடைப்பந்துச் சங்கம்) விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் 48. பெரிய ஐரோப்பிய கிளப்புகள் பத்துப் பேரையாவது மாற்றி மாற்றி இறக்கும்; இருபது வயதுக்குட்பட்டவனுக்கு 15 நிமிடம் கிடைப்பதே பெரிய விஷயம். லூக்கா டான்சிச் முழு ஃபார்வர்ட் இல்லைதான், ஆனாலும் கணக்குக்கு நல்ல உதாரணம். 2017-18 யூரோலீகில் (ஐரோப்பிய கிளப்புகளின் உயர்மட்டப் போட்டி) சராசரி 26 நிமிடத்தில் 16 புள்ளி. அடுத்த சீசன் என்பிஏவின் டல்லாஸ் அணியில் 32 நிமிடத்தில் 21.2. நிமிடத்தால் வகுத்தால் 0.62, 0.66. பெரிதாகக் கூடியது நிமிடம்தான். புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் யாரும் முதலில் இந்த வகுத்தலைச் செய்துவிட்டுப் பேசலாம்.

அடுத்தது, அமெரிக்கக் காலேஜில் ஓரிரு வருஷம் ஆடினால் என்பிஏ ஆட்டம் பழகிவிடும் என்ற நினைப்பு. விதிகளை எடுத்து வைத்துப் பாருங்கள். காலேஜ் ஆண்கள் ஆட்டத்தின் த்ரீ பாயிண்ட் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி) 2019-20 முதல் ஃபிபா தூரத்துக்கே வந்துவிட்டது. அதே 40 நிமிடம், ஒரு வீரருக்கு அதே 5 ஃபவுல் வரம்பு. ஷாட் கிளாக் (ஷாட் போட அணிக்குக் கிடைக்கும் நேரம்) மட்டும் 24 நொடிக்குப் பதில் 30. விதிப்படி காலேஜ் ஆட்டம் ஃபிபாவுக்குத்தான் பங்காளி. ஃப்ரான்ஸ் வாக்னர் ஆல்பா பெர்லினிலிருந்து மிச்சிகன் போய், இரண்டு சீசன் ஆடி, 2021 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வு) 8ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அந்த வழியில் கிடைக்கும் லாபம், ஆடக் கிடைக்கும் நிமிடமும் தோளில் ஏறும் பொறுப்பும். என்பிஏவில் வீரர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் ஆட்ட வேகமும் அங்கே போன பிறகுதான் பழகும்.

இனி ஷாட். அதிகம் கெடுவது இங்கேதான். ஃபிபா கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர், என்பிஏவில் 7.24. வித்தியாசம் 49 செ.மீ. இந்த அரை மீட்டரைக் கையால் ஈடுகட்டப் பார்ப்பான் பையன். முழங்கை வெளியே விலகும், பந்து தட்டையாகப் போகும், ரிங்கின் முன்பக்கத்தில் இடித்துத் திரும்பும். அதைப் பார்த்துவிட்டு பயிற்சியாளர் கையின் பாணியையே மாற்றக் கிளம்பினால் இருந்த ஷாட்டும் போய்விடும். தூரம் காலிலிருந்து வர வேண்டும். பந்து கைக்கு வருவதற்கு முன்பே முழங்கால் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்; பிடித்த பிறகு மடக்கினால் தாமதம், அதற்குள் டிஃபெண்டர் வந்துவிடுவான். 6.75இல் பத்துக்கு ஏழு விழும் வரை அங்கேயே போடட்டும். பிறகு ஒரு ஷூ நீளம் பின்னால். முன் ரிங்கில் தொடர்ந்து மூன்று இடித்தால் அன்றைக்குப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

மூலையில் கதையே வேறு. ஃபிபாவில் 6.60, என்பிஏவில் 6.70: பத்தே செ.மீ. அதனால் முதல் சீசனில் மூலை ஷாட்டிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். சிக்கல் காலடியில். மூலையில் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே இரண்டு ஊரிலும் சுமார் 90 செ.மீ.தான். இவ்வளவு உயரமான பையனின் ஷூ மட்டும் ஏறக்குறைய 33 செ.மீ. வரும். பாஸ் வரும்போது ஒரு எட்டு பின்வாங்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் குதிகால் வெளிக்கோட்டை மிதித்துவிடும். முன்பே நின்று, கால் ஊன்றிப் பிடிக்கப் பழக்குங்கள்.

எதிர்த்திசையில், அமெரிக்காவில் வளர்ந்தவன் ஐரோப்பா வந்தால் முதல் மாதம் கேட்பது டிராவல் (பந்தோடு விதியை மீறிக் காலை நகர்த்துவது) விசில். நின்ற இடத்திலிருந்து பந்தைத் தரையில் தட்டத் தொடங்கும்போது, ஊன்றிய கால் தரையை விட்டு எழுவதற்கு முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். எழுத்தில் என்பிஏவும் இதையேதான் சொல்கிறது. அங்கே நடுவர்கள் கண்டும் காணாமல் விடுவது அதிகம். பையன் முன் காலை நீளமாக எறிந்து பாய்வான், ஊன்றிய பின் கால் தரையை விட்டு எழுந்த பிறகுதான் பந்து கீழே போகும். சரிசெய்ய எளிய வழி: முன் கால் ஊன்றும் நொடியில், அதே பாதத்துக்குப் பக்கத்தில் பந்து தரையைத் தொட வேண்டும். முதலில் நடை வேகத்தில். கேமராவைத் தரை மட்டத்தில் வைத்துப் பின் பாதத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பக்கவாட்டிலிருந்து முழு ஆளையும் எடுத்த வீடியோவில் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

டிஃபென்ஸில் ஐரோப்பியப் பையனுக்குத்தான் சிரமம். ஃபிபாவில் தன் ஆளை விட்டுவிட்டு ரிங்குக்கு அடியில் எத்தனை நொடி வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் கை எட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல் பெயிண்டுக்குள் (ரிங்குக்கு முன்னுள்ள கட்டம்) 3 நொடி நின்றால் டெக்னிக்கல் ஃபவுல்: எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. மனசுக்குள் இரண்டு எண்ணி, இரண்டு காலையும் வெளியே வைத்துவிட்டுத் திரும்பி வருவது தனிப் பழக்கம். அதைத் தனியாகத்தான் பயிற்றுவிக்க வேண்டும்.

ரிங் மேல் உருளும் பந்தும் இப்படித்தான். ஷாட் ரிங்கைத் தொட்டுவிட்டால் ஃபிபாவில் அதைத் தட்டிவிடலாம், உள்ளேயும் தள்ளலாம். என்பிஏவில் ரிங்குக்கு நேர் மேலே இருக்கும் வரை தொடக் கூடாது.

"என்பிஏவில் 6 ஃபவுல், தாராளமாக ஆடலாம்" என்பதும் அடிக்கடி காதில் விழும். 40ஐ 5ஆல் வகுங்கள், 48ஐ 6ஆல் வகுங்கள். இரண்டும் 8 நிமிடத்துக்கு ஒன்றுதான்.

கடைசியாக, எப்போது போவது. 2002இல் 5ஆவதாக எடுக்கப்பட்ட நிக்கோலோஸ் ஸ்கிடிஷ்விலி, 2016இல் 4ஆவதாக எடுக்கப்பட்ட டிராகன் பெண்டர் இருவருமே தங்கள் கிளப்பின் முதல் அணியில் அதிகம் ஆடாமலே கிளம்பியவர்கள். இருவரும் என்பிஏவில் நிலைக்கவில்லை. டாரியோ சாரிச் 2014இல் டிராஃப்ட் ஆன பிறகும் இரண்டு வருஷம் இஸ்தான்புல்லில் ஆடிவிட்டு 2016இல்தான் ஃபிலடெல்ஃபியா போனார். முதல் சீசனிலேயே சராசரி 12.8 புள்ளி. நிக்கோலா மிரோடிச் டிராஃப்ட் ஆன பிறகும் ரியல் மாட்ரிட்டில் மூன்று வருஷம் பொறுத்ததால், முதல் சுற்று வீரர்களுக்கான நிர்ணய சம்பளத்துக்குள் அடங்காமலே சிகாகோவில் ஒப்பந்தம் போட முடிந்தது. அவசரப்பட்டு டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவனுக்கும் வழி அடைபடவில்லை. டிராஃப்டுக்கு 10 நாள் முன்பு வரை பெயரைத் திரும்பப் பெறலாம். 22 வயதாகும் ஆண்டில் வெளிநாட்டு வீரரின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும்.