மாம்பழத்தை ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

இந்த ஆடியில் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்குப் போய்வந்தேன். ஊருக்குப் போகிற மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த மாதம் என்ன கிடைக்கும் என்று பார்த்து ரிக்கெற் போடுங்கள். சித்திரையில் நுங்கு தொடங்கிவிடும். வைகாசி முதல் ஆடி வரை மாம்பழம், ஆவணியில் பனம்பழம், தை மாசியில் பனங்கிழங்கு. ஆடிப்பிறப்புக்கு நின்றால் கூழும் கொழுக்கட்டையும் கிடைக்கும்.

நான் போனபோது மாம்பழப் பருவம் முடிகிற நேரம். பெரியம்மா வீட்டுக் கருத்தக்கொழும்பான் மாமரத்தில் பதினெட்டுப் பழம் மிச்சம் இருந்தது. மொத்தமாகக் கேட்டு வந்த வியாபாரிக்கும் கொடுக்காமல், அணில் கடிக்காமல் பை கட்டி எனக்காகவே வைத்திருந்தார். வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது கொக்கத்தடியால் ஒவ்வொன்றாகப் பறித்தார். பால் வடியக் குப்புற வைத்துத் துடைத்து, பேப்பரில் சுற்றினார். "உன்ர பிள்ளையள் இந்த மரத்துப் பழம் தின்ன வேண்டாமோ?" என்று கேட்டார். அப்பா நட்ட மரம் அது. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது இடுப்பளவு கன்று. அதன்பிறகு தண்ணீர் ஊற்றி வளர்த்தது பெரியம்மாதான். எப்படி வேண்டாம் என்று சொல்வது?

பரிஸ் எயார்போர்ட்டில் சூட்கேசைத் திறக்கச் சொன்னார்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதப்படுத்தாத பழம், மரக்கறி கொண்டுவரத் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், துரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. மாம்பழம் அதில் இல்லை. இறைச்சியும் பால் சாமான்களும் கொண்டுவரவே கூடாது. அந்த அதிகாரி கோபப்படவில்லை. பேப்பரைப் பிரித்து, பதினெட்டையும் ஒவ்வொன்றாகக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த இடமே மாம்பழமாக மணந்தது. பனங்கட்டியையும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அதனால் சொல்கிறேன், போய் இறங்கின அன்றைக்கே அடுப்படியில் வைத்துச் சொல்லிவிடுங்கள்: "பெரியம்மா, பழத்தை இஞ்சையே வெட்டித் தாங்கோ, கொண்டுபோக ஏலாது." கடைசி நாளில் சொன்னால் அவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. பறித்த பழத்துக்குக் காசு நீட்டாதீர்கள், மனம் நோகும். விற்றிருந்தால் அவர்களுக்கு வருமானம் என்பதையும் மறக்க வேண்டாம். சாவகச்சேரிச் சந்தைக்குப் போய் வீட்டுக்கு ஒரு மாதச் சாமான் வாங்கிப் போடுங்கள். அப்புறம், அயலவர் "மகளுக்கு ஒரு சின்னப் பார்சல்" என்று தந்தால், அவர்களுக்கு முன்னாலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சூட்கேசில் இருப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.

வீடு வந்து சேர்ந்ததும் பெரியம்மாவின் கோல் வந்தது. "பிள்ளையள் சாப்பிட்டதுகளோ? நல்ல இனிப்போ?"

"ஓம் பெரியம்மா" என்றேன்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு, ஆடி பிறக்க முதல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.