ஊர் முன்பள்ளியா, ரவுன் நர்சரியா? வன்னிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கினால் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். ஊர் முன்பள்ளியில் விடுவதா, ரவுனில் இருக்கிற தனியார் நர்சரிக்கு அனுப்புவதா? கடன்பட்டாவது நல்ல இடத்தில் சேர்க்க வேண்டும் என்று தவிக்கிற தாய்மாரைக் கிளிநொச்சியிலும் பார்த்திருக்கிறேன், முல்லைத்தீவிலும் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் அந்த அவசரத்தில் சில பிழைகளும் நடந்துவிடுகின்றன.

முதல் பிழை, பாடசாலையைப் போல முன்பள்ளியும் 'அரசு, தனியார்' என்று இரண்டாகப் பிரிந்திருப்பதாக நினைப்பது. இலங்கையில் இலவசக் கல்வி தரம் 1 இலிருந்துதான் பிள்ளையின் கைக்கு வருகிறது. முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபையிடம் இருந்தாலும், கிராமங்களில் அவற்றைத் தாங்கி நிற்பது கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, கோயிலோ, தேவாலயமோதான். போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பொறுப்பேற்ற முன்பள்ளிகளும் உண்டு. அங்கே ஆசிரியைகளுக்குக் கிடைத்த சம்பளம் மற்ற முன்பள்ளிகளின் கொடுப்பனவைவிடப் பல மடங்கு. சின்னப் பிள்ளைகளின் படிப்புக்குள் பாதுகாப்புத் துறை ஏன் வரவேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, யார் நடத்துகிறார்கள், ஆசிரியைக்கு யார் காசு கொடுக்கிறார்கள், பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அடுத்த பிழைதான்: கொப்பியைப் பார்த்துத் தரத்தை அளப்பது. "அங்க போற பிள்ளை ஏ பி சி டி முழுக்க எழுதுது, எங்கட பிள்ளை இன்னும் மண்ணில விளையாடுது" என்று சொல்லாத வீடு குறைவு. மூன்று வயதில் விரலும் மணிக்கட்டும் பென்சிலுக்குப் பழகியிருக்காது. களிமண் பிசைவது, மணலில் கோடு இழுப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, பூக் கோப்பது எல்லாமே அந்தக் கையைப் பழக்குகிற வேலைதான். தரம் 1 கூட ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்துகொள்ளும் விளையாட்டுகளோடுதான் தொடங்குகிறது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கிவிட்டோம் என்பதற்காக மறுநாளே பக்கம் பக்கமாக எழுதவைக்க வேண்டாம். அழுதழுது எழுதிய பிள்ளைக்குப் பாடசாலை என்றாலே பயம் வந்துவிடும்.

ஆங்கிலமும் அப்படித்தான். ஆங்கிலப் பாட்டுப் பாடட்டும், நல்லது. தமிழில் கதைத்தால் ஏசுகிற இடம் என்றால் மட்டும் யோசியுங்கள். பசி, வலி, பயம் எல்லாவற்றையும் அந்த வயதில் பிள்ளை சொல்லப்போவது வீட்டு மொழியில்தான்.

நல்ல நர்சரி என்றால் நல்ல பாடசாலையில் இடம் கிடைக்கும் என்ற கணக்கும் பலரிடம் இருக்கிறது. தரம் 1 அனுமதியில் முக்கியமாகப் பார்ப்பது ஜனவரி 31 அன்று 5 வயது பூர்த்தியா என்பதையும் வசிப்பிடத்தையும்தான்.

தூரத்தையும் மறந்துவிடுகிறோம். ஏ9 வீதியில் ஓட்டோ நிறையப் பிள்ளைகளை ஏற்றிப்போவதைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது.

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் காலை போய் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். கிணற்றுக்குச் சுற்றுக்கட்டும் மூடியும் இருக்கிறதா, மலசலகூடம் சின்னப் பிள்ளைக்கு ஏற்றதா, அழுகிற பிள்ளையை ரீச்சர் தூக்குகிறாரா? கட்டணச் சிட்டை இதையெல்லாம் சொல்லாது.

இன்னொன்று. ஊர் முன்பள்ளி சரியில்லை என்று வசதியுள்ள நாலு குடும்பம் விலகினால், பெற்றோர் தருகிற காசை நம்பியிருக்கிற ஆசிரியையின் கையில் அந்த மாதம் குறைகிறது. மிஞ்சுவது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற தாய்மாரின் பிள்ளைகளும். விலகுவதற்கு முன் ஒரு தடவை பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். நர்சரிக்கும் ஓட்டோவுக்கும் கொடுக்க இருந்த மாதக் காசில் கால்வாசி போதும், கிணற்றுக்கு மூடி போடலாம், பிள்ளைகளுக்குக் காலையில் பயறு அவித்துக் கொடுக்கலாம். மிச்ச வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வையுங்கள்.