பக்கியில் வந்த விறகும் 14 அங்குல ரம்பமும்

என் முதல் செயின்சாவை ஒரு சனிக்கிழமை, விலைக்குறைப்பு அட்டையைப் பார்த்து வாங்கினேன். 58 சிசி எஞ்சின், 20 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), மஞ்சள் நிறம், எங்கும் கேள்விப்படாத பெயர். "இதை வைத்துக் காட்டையே அறுக்கலாம்" என்றார் கடைக்காரர். எனக்கு ஏது காடு? தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நார்த்டேல் பக்கம் ஒரு வீடு, பின்னால் கொஞ்சம் இடம், கூடத்தில் விறகு போடும் ஓர் இரும்பு அடுப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இதைப் பிடிக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கணும்" என்றாள். இரண்டு குளிர்காலம்கூட முழுதாக ஓடவில்லை. செயினைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்தது. அந்த அளவில் மாற்றுச் சக்கரம் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை, விற்ற கடையிலும் இல்லை.

இரண்டாவது தடவை கடைக்குப் போகும் முன் விறகுக் குவியலுக்குப் போனேன், கையில் டேப்போடு. நீங்கள் முதல் தடவையே அப்படிச் செய்யுங்கள்.

இங்கே குளிர் என்பது ஜூன், ஜூலையில். திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் போடப் பழகவே இரண்டு வருஷம் ஆனது. விறகு பக்கியில் வரும். பக்கி என்பது பின்பக்கம் திறந்த சின்ன வண்டி. தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் வேறு பெயர் மறந்துவிட்டேன். வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள், ஆள் உயரத்துக்கு நீளமான கட்டைகள். ஒரு சுமையை அளந்து பார்த்தேன். மொத்தம் 40 கட்டை. 31 கட்டை 12 முதல் 20 செ.மீ. குறுக்களவு. ஆறு கட்டை 25 பக்கம். 30-ஐத் தாண்டிய தடியன்கள் மூன்றே மூன்று.

பார் கட்டையின் குறுக்களவைவிட இரண்டு அங்குலம் நீளமாக இருந்தால் போதும். 14 அங்குலம் என்றால் 35 செ.மீ., ஆகவே 30 செ.மீ. கட்டை வரை ஒரே மூச்சில் இறங்கிவிடும். தடியன்களைப் பாதி அறுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுத்தால் சரி. அந்த மூன்று கட்டைக்காக 20 அங்குலம் வாங்கி, மீதி 37-ஐயும் அதை வைத்தே அறுத்துத் தோளை நோகடித்துக்கொண்டிருந்தேன். பார் நீண்டால் அதன் மூக்கு எங்கே போகிறது என்று தெரியாது, கட்டையைத் தாண்டி மண்ணில் இடிக்கும். மண்ணில் ஒரு நொடி உரசினாலும் செயின் மழுங்கிவிடும். வீட்டு விறகுக்கு 14, கொஞ்சம் பெரிய கட்டை அடிக்கடி வந்தால் 16. அதற்கு மேல் வேண்டாம்.

எங்கள் பக்கம் விறகு என்றால் பெரும்பாலும் வாட்டில், கறுப்பு வாட்டில். (சுருக்கிக் கருவாட்டில் என்று எழுதினால் வேறு வாசனை வந்துவிடும்.) நம் ஊர் கருவேலத்துக்குத் தூரத்து உறவு; நீலகிரி, கொடைக்கானல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1864 வாக்கில் இந்தப் பகுதியான நேட்டாலுக்கு வந்தது, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவந்த டுரூரோ கப்பல் டர்பனைத் தொட்டது 1860 நவம்பர் 16. நமக்கு நாலு வருஷம் பின்னால் வந்த மரம், இன்று தானாகவே ஆற்றோரமெல்லாம் முளைத்து, அரசாங்கமே ஊடுருவிப் பயிர்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. எரிக்க அருமையான விறகு. ஆனால் காய்ந்தால் கல். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பிளந்து, காயவிடுவது எளிது. ப்ளூகம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸும் அப்படித்தான். காய்ந்த கட்டையையே வாங்கி அறுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் எஞ்சினில் ஒரு படி மேலே போங்கள்.

எத்தனை சிசி? குளிர்காலத்துக்கு நாலைந்து பக்கிச் சுமை அறுப்பவருக்கு 30 முதல் 40 சிசி போதும். உதாரணத்துக்கு, ஸ்டில் எம்எஸ் 170 என்பது 30 சிசி. பார், செயின் இல்லாமல் நாலு கிலோவை ஒட்டிய எடை. அதே நிறுவனத்தின் எம்எஸ் 250 என்றால் 45 சிசி. ஹஸ்க்வர்னாவிலும் இதே வரிசையில் சின்னது பெரியது உண்டு. நான் சின்னதை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர். இங்கே அதை பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள். அண்டா அண்டாவாகக் காய்ச்ச மொத்த விறகையும் அறுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதுக்கும் சேர்த்து இந்தச் சின்ன ரம்பம் தாங்குகிறது. புனித வெள்ளியன்று இங்கே மாரியம்மன் கோவில் பூக்குழிக்குப் போகும் கட்டை வேறு கணக்கு, அதற்கு ஆட்கள் வேறு.

சிசியும் பாரும் சேர்ந்து போக வேண்டும், விரலுக்குத் தகுந்த வீக்கம். சின்ன எஞ்சினில் நீளப் பாரைப் பூட்டி விற்கும் கடைகள் உண்டு. பார்க்கப் பெரிதாகத் தெரியும், கட்டைக்குள் பாதியில் திணறி நிற்கும்.

பெட்ரோலா, கரண்டா, பாட்டரியா என்ற கேள்வியில் இந்த நாட்டுக்காரர்களுக்குத் தனிக் கவலை உண்டு. 2023-இல் லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம்கூட மின்சாரம் இல்லாத நாட்களைப் பார்த்தோம். விறகு தேவைப்பட்டதே அதனால்தான். கரண்ட் இல்லாத நேரத்துக்கான விறகைக் கரண்ட் ரம்பத்தால் அறுக்க நினைப்பது நல்ல வேடிக்கை. ஆனாலும் நெருக்கமான வீடுகள், சின்ன முற்றம், வருஷத்துக்கு ஒரு சுமை என்றால் ஒயர் ரம்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விலை குறைவு, சத்தம் குறைவு, எரிபொருள் கலக்கும் வேலை இல்லை. 2000 வாட் பக்கம் பாருங்கள். ஒயரை நீட்டும்போது மெல்லிய எக்ஸ்டென்ஷன் வேண்டாம். சுருட்டி வைத்த ஒயர் சூடாகும், முழுவதையும் விரித்துப் போடுங்கள். பாட்டரி ரம்பம் இன்று நன்றாகவே அறுக்கிறது. ஆனால் பாட்டரியின் விலையை ரம்பத்தோடு கூட்டிப் பாருங்கள், அதுவும் இரண்டு பாட்டரி. ஏற்கெனவே அதே கம்பெனியின் புல்வெட்டி வைத்திருப்பவருக்குக் கணக்கு மாறும்.

கடையில் நிற்கும்போது எஞ்சினைப் பற்றிப் பேசவிட்டுக் காதைக் கொடுங்கள், கண் மட்டும் வேறு இடத்தில் இருக்கட்டும். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை இருக்கும், அதுதான் செயின் பிரேக். தள்ளினால் கிளிக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், இழுத்தால் விட வேண்டும். பாரின் மூக்கின் மேல் பாதி கட்டையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் நடக்கும் காரியம், அப்போது செயினை நிறுத்துவது இந்தப் பலகைதான். பின்கைப்பிடியில் உள்ளங்கை அழுத்தினால்தான் முடுக்கி வேலை செய்ய வேண்டும். செயினை இறுக்கும் திருகு பக்கவாட்டில் இருப்பது நல்லது. பாருக்குப் பக்கத்தில் முன்புறமாக ஒளித்து வைத்த திருகைத் தேடி விரலைச் சிராய்த்துக்கொண்டவன் நான். அப்புறம் குளிர்ந்த எஞ்சினை நீங்களே இழுத்துக் கிளப்பிப் பாருங்கள். கடைக்காரர் முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் அது சோதனை ஆகாது.

பாரில் எண்கள் பொறித்திருக்கும்: செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), கனம், பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணிகளின் எண்ணிக்கை. என்னுடையதில் பிட்ச் 3/8, கண்ணி 50. இதை ஒரு சீட்டில் எழுதி, "இந்தச் செயின் இப்போது இருக்கிறதா, பல்சக்கரம் இருக்கிறதா, பழுது பார்ப்பது யார்?" என்று கேளுங்கள். அவர் அலமாரியில் கை வைத்து எடுத்துக் காட்டினால் வாங்கலாம். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால் என் மஞ்சள் ரம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது செயினையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

அதே ரசீதில் தலைக்கவசம், முகவலை, காதடைப்பான், காலுக்குச் சாப்ஸ். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை ஆகிவிடக் கூடாது. சாப்ஸ் என்பது தொடையிலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் தடித்த உறை. உள்ளே நீளமான நார்கள். செயின் பட்டால் நார் உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் சுற்றி நிறுத்திவிடும். மின் ரம்பம் வாங்கினால், அதற்கும் இந்த உறை பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

அரம் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கிரேடவுன் பக்கம் வாட்டில் தோட்டங்களில் வயதாகும் வரை மரம் அறுத்த ஜூலுப் பெரியவர், விறகு இறக்க வந்தவர். நான் அவரை பாபா என்பேன்; பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் அவர் என்னைத் திஷா, அதாவது வாத்தியார், என்பார். அன்று நான் முழுப் பலத்தோடு ரம்பத்தை அமுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டு, கீழே கிடந்ததை ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மாவு மாதிரித் தூள். தன் பையிலிருந்து மெல்லிய உருண்டை அரத்தை எடுத்தார். ரம்பத்தை அணைத்து, பாரை ஒரு கட்டையில் முட்டுக்கொடுத்து, ஒரு பல்லில் அரத்தைச் சாய்வாக வைத்து உள்ளிருந்து வெளியே தள்ளினார். மூன்றே தள்ளு. திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடவில்லை. ஒன்றுவிட்டு ஒரு பல்லாக ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம், ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று. அடுத்து அறுத்தபோது ரம்பத்தின் எடையே கட்டைக்குள் இறங்கியது. மறுபடியும் ஒரு பிடி அள்ளி வைத்தார்: சீவிய தேங்காய்ப் பத்தை மாதிரிச் சிராய்கள். தூள் வந்தால் அரம் போடு, சிராய் வந்தால் அறு. அவர் வாயைத் திறக்கவே இல்லை. இந்தச் சின்ன செயினுக்கு 4 மி.மீ. அரம். பல்லின் மேலேயே 30 டிகிரி சாய்வுக் கோடு போட்டிருக்கும், அதைப் பின்பற்றினால் போதும்.

எண்ணெய் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் பெரும்பாலும் 50-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 100 மி.லி. உங்கள் ரம்பத்தின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. செயினுக்கு ஊற்றும் பார் எண்ணெய் தனித் தொட்டி. மோட்டாரில் வடித்த பழைய எண்ணெயை அதில் ஊற்றுபவர்கள் உண்டு; பார் தேயும், கையெல்லாம் நஞ்சு. வேண்டாம்.

என்ன கட்டையை அறுக்கிறோம் என்பதையும் பாருங்கள். பச்சை படிந்த பழைய வேலிக்கம்பங்களில் ஆர்செனிக் மருந்து ஏற்றியிருப்பார்கள், அடுப்பில் போடக் கூடாது. கேமல் தார்ன், மருலா போன்றவை பாதுகாக்கப்பட்ட மரங்கள். உரிமம் இல்லாமல் வெட்டக் கூடாது. நிற்கிற மரத்தை வெட்டிச் சாய்ப்பது வேறு தொழில், அதற்கு இந்தக் கட்டுரையும் போதாது, உங்கள் சின்ன ரம்பமும் போதாது.

அறுக்கும்போது கட்டையைத் தரையில் போடாமல் எக்ஸ் வடிவத் தாங்கியில் ஏற்றுங்கள். என் அடுப்புக்கு 30 செ.மீ. துண்டு வேண்டும், அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, சாக்பீஸால் கட்டை முழுக்கக் கோடு போட்டுவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவேன். வாத்தியார் வேலையில் மிச்சமான சாக்பீஸ் இதற்குத்தான் ஆகிறது.

செப்டம்பரில் வெயில் திரும்பியதும் தொட்டியில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். செயினைக் கழற்றி, பாரின் பள்ளத்தில் அடைந்த தூளைப் பழைய கத்தியால் சுரண்டி, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைக்கிறேன். மே மாதம் புதுப் பெட்ரோல் ஊற்றினால் நாலாவது இழுப்பில் கிளம்பிவிடுகிறது.