கடைசிக் குழியைப் பார்க்காமல் ஆல்பம் வாங்காதீர்கள்

அமெரிக்க நாணயம் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சீரிஸில் ஆரம்பிக்கலாம்?" என்பதைத்தான். கேட்கும்போதே பதிலை மனதில் வைத்திருப்பார்கள். எங்கோ ஒரு கண்காட்சி மேசையில் மார்கன் வெள்ளி டாலரையோ மெர்குரி டைம் என்ற பத்து சென்ட் நாணயத்தையோ பார்த்து மயங்கியிருப்பார்கள். அந்த மயக்கத்தில் தப்பே இல்லை. அது இல்லாவிட்டால் யாரும் ஒரே தொடரோடு வருடக்கணக்கில் இருக்க முடியாது. ஆனால் மயங்கியதற்கும் பணத்தை எடுத்து வைப்பதற்கும் நடுவில் சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைப் புதியவர்கள் அச்சு மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள், விளிம்பைப் பிடித்து எடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தொடரைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

அழகைப் பார்த்துவிட்டு, தேய்மானத்தைப் பார்க்காமல் விடுவது

பஃபலோ நிக்கல் என்ற ஐந்து சென்ட் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1913 முதல் 1938 வரை வந்தது. ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வடிவமைத்தது. ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி ஆணின் முகம், மறுபக்கம் காட்டெருமை. அமெரிக்க மண்ணின் முகம் இதுதான் என்று சொல்லத் தோன்றும் நாணயம். ஆனால் தேதியை மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள். புழக்கத்தில் முதலில் தேய்ந்து போவது அதுதான். வியாபாரிகளின் டப்பாக்களில் தேதியே தெரியாத பஃபலோக்கள் குவிந்து கிடப்பது இதனால்தான். அமிலம் ஒரு சொட்டு விட்டால் தேதியின் நிழல் எழும்பும் என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. எழும்பத்தான் செய்யும். அதோடு அந்த நாணயத்தின் மேற்பரப்பும் போய்விடும், மதிப்பும் போய்விடும்.

ஸ்டாண்டிங் லிபர்ட்டி குவார்ட்டருக்கும் (கால் டாலர்) இதே வியாதி. 1916-இல் தொடங்கி 1924 வரை வந்தவற்றில் தேதி சீக்கிரம் அழிந்துவிடும். 1925-இல் தேதியைக் கொஞ்சம் பள்ளத்தில் இறக்கினார்கள், பிரச்சினை தீர்ந்தது. அதனால் இந்தத் தொடரை விரும்புகிறவர் 1925 முதல் 1930 வரை உள்ளவற்றை ஒரு விலையாகவும், அதற்கு முந்தையவற்றை வேறு விலையாகவும் கணக்குப் போட வேண்டும். முதல் வருடமான 1916-இல் அடித்ததே வெறும் 52,000.

கடினமான நாணயத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது. மற்ற தவறுகளில் சில டாலர்கள் போகும். இதில் பல வருடச் சேமிப்பு போகும்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருவர் மெர்குரி டைம் ஆல்பம் ஒன்றை வாங்குகிறார். அடால்ஃப் வைன்மன் வடிவமைத்த நாணயம், 1916 முதல் 1945 வரை. வருடமும் மின்ட் குறியும் (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து) சேர்த்துக் கணக்கிட்டால் 77 நாணயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆல்பத்தில் ஒரு குழி, கீழே பெயர். 1940-களின் நாணயங்கள் வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்துவிடும். அதையும் பளபளவென்று புதிதாகவே வாங்கலாம். ஒவ்வொரு வாரமும் இரண்டு குழி நிரம்புகிறது. அப்புறம் 1930-கள். அதுவும் சரி. 1921-க்கு வரும்போது கை கொஞ்சம் நடுங்கும், ஆனாலும் வாங்கிவிடுகிறார். கடைசியில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு குழி காலியாக நிற்கிறது: 1916 டி, அதாவது டென்வரில் அடித்தது.

அந்த வருடம் டென்வர் நாணயச்சாலையைக் குவார்ட்டர் அடிப்பதில் கவனம் செலுத்தச் சொன்னதால், அங்கே அடித்த டைம்கள் 2,64,000-தான். அதே வருடம் பிலடெல்பியாவில் 2 கோடியே 21 லட்சத்துக்கும் மேல். அதனால் முகம் மழுங்கத் தேய்ந்த 1916 டி-க்கே பல நூறு டாலர் கேட்பார்கள். புழக்கத்துக்கே போகாத நல்ல நிலையில் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். மற்ற 76-ஐயும் பளபளப்பான கிரேடில் (தரநிலையில்) சேர்த்தவர் இந்த ஒன்றை என்ன செய்வார்? கல்யாணப் பந்தலைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடுகிற நிலை.

இங்கே மூன்று வழிகள்தான் உண்டு, மூன்றுமே வலிக்கும். முதல் வழி, பளபளக்கும் வரிசைக்கு நடுவில் தேய்ந்துபோன ஒன்றை வைத்துக்கொண்டு சமாதானமாவது. ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போய் நிற்கும். இரண்டாவது, அலுத்துப்போய் எல்லாவற்றையும் விற்பது. கீ டேட் (தொடரின் மிக அரிதான நாணயம்) இல்லாத ஆல்பத்தை வியாபாரியிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் வெள்ளி எடைக்குத்தான் கேட்பார். சில்லறை விலை கொடுத்து ஒவ்வொன்றாக வாங்கியதற்கும் அவர் சொல்லும் விலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், ஒரு நல்ல 1916 டி-க்கான பணத்தில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருந்திருக்கும். இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பணம் அவரிடம் இருந்தது. வரிசையை மாற்றிச் செலவு செய்துவிட்டார்.

மூன்றாவது வழி இன்னும் மோசம். மலிவாக ஒரு 1916 டி தேடுவது.

கண்காட்சியில் பழக்கமான ஒரு தம்பி, ஐடி வேலையில் இருப்பவர், ஒரு நாள் முகம் மலர ஆல்பத்தை நீட்டினார். "முடிச்சிட்டேன் அண்ணா, எல்லாக் குழியும் நிரம்பிடுச்சு" என்றார். முதல் பக்கத்தில் டி குறியோடு ஒரு 1916. இணையத்தில் ஒருவரிடம் சந்தை விலையில் பாதிக்கு வாங்கியிருந்தார். எடை போட்டுப் பார்த்தேன் அண்ணா, சரியாக இரண்டரை கிராம், காந்தத்திலும் ஒட்டவில்லை என்றார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். டி எழுத்தின் அடியில் மெல்லிய ஒரு கோடு ஓடியது. எழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளியின் நிறமும் ஒரு பொட்டு மாறியிருந்தது. ஒட்ட வைத்த எழுத்து.

இந்த மோசடியின் தந்திரமே அதுதான். நாணயம் அசல் 1916 டைம், பிலடெல்பியாவில் மின்ட் குறி இல்லாமல் அடித்தது, கோடிக்கணக்கில் கிடைப்பது. எடை சரியாக இருக்கும், 90 சதவீத வெள்ளியும் சரியாக இருக்கும். பொய் அந்த ஒரு எழுத்து மட்டும். தராசும் காந்தமும் இதைப் பிடிக்காது. அசல் 1916 டி-யை அடிக்க டென்வரில் பயன்படுத்திய பின்பக்க அச்சுகள் நான்கே நான்கு. அதனால் டி எழுத்து நிற்கக்கூடிய இடங்களும் நான்குதான். அந்த நான்கின் படங்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த நாணயத்தை வெறுமனே வாங்கக் கூடாது. பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற தரச்சோதனை நிறுவனங்கள் சோதித்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடியதை வாங்குங்கள். ஆல்பத்தில் வைக்க வேண்டுமென்றால் பிறகு வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

லிங்கன் சென்ட்டிலும் இதே கதை. 1914 டி அடித்தது 11 லட்சத்து 93 ஆயிரம். 1944 டி-யில் முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கி விற்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: 9-க்கும் 1-க்கும் நடுவில் இடைவெளி அகலமாக இருக்கும். லிங்கனின் தோளடியில் வடிவமைப்பாளர் விக்டர் டேவிட் பிரென்னரின் விடிபி எழுத்துகளும் இருக்கும். அந்த எழுத்துகள் தோளுக்கு வந்தது 1918-இல்தான். 1914-இல் அவை இருக்கவே முடியாது. 1909 எஸ் விடிபி-யைப் (சான் பிரான்சிஸ்கோவின் எஸ் குறியும் அந்த விடிபி எழுத்துகளும் உள்ள 1909 சென்ட்) பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன என்று எதிர்ப்பு கிளம்பி உடனே நீக்கியதில், சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது 4,84,000-ஓடு நின்றுவிட்டது. கள்ள நாணயக்காரர்களுக்கு மிகவும் பிடித்த நாணயங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஆல்பம் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தொடரின் மிகக் கடினமான மூன்று நாணயங்களை எழுதுங்கள். உங்களால் வாங்க முடிகிற கிரேட் என்ன என்று அந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்யுங்கள். 1916 டி-யைத் தேய்ந்த நிலையில்தான் வாங்க முடியுமென்றால், மொத்த ஆல்பத்தையும் புழக்கத்தில் தேய்ந்த, இயல்பான சாம்பல் நிற நாணயங்களால் நிரப்புங்கள். அப்படி ஒரே சீராகத் தேய்ந்த மெர்குரி ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பளபளப்புக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. எந்த கிரேடிலும் முடியாதென்றால் அந்தத் தொடரை இப்போதைக்கு விடுங்கள். முடியுமென்றால் அதை முதலில் வாங்குங்கள். 1944 பிலடெல்பியா டைம் எங்கும் ஓடிப்போகாது.

அடித்த எண்ணிக்கையை மட்டும் நம்புவது

மேலே நானே எண்ணிக்கைகளாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் அந்தப் பட்டியல் பாதி உண்மைதான். 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தின் கீழ் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். எந்த வருடத்து நாணயம் எவ்வளவு உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால் மார்கன் டாலரில் அடித்தது வேறு, மிஞ்சியது வேறு.

எந்த நிலையில் மிஞ்சியது என்பது அதைவிட முக்கியம். 1884 எஸ் மார்கன் 32 லட்சம் அடித்தார்கள். தேய்ந்த நிலையில் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு அது மூட்டைகளில் தங்காமல் புழக்கத்துக்குப் போய்விட்டது. புதிது போல ஒன்று வேண்டுமென்றால் விலை பல மடங்கு தாவும். பீஸ் டாலரில் 1934 எஸ்-ஸும் இப்படித்தான். நடந்து போகும் லிபர்ட்டி ஹாஃப் டாலரில் 1921-இன் மூன்று நாணயங்களில் அதிகம் அடித்தது எஸ்தான், 5,48,000. புதிய நிலையில் மூன்றிலும் கடினமானது அதுவேதான். விலைப் பட்டியலில் ஒரு வரியைக் குறுக்கே படியுங்கள். எந்தக் கட்டத்தில் விலை திடீரென்று குதிக்கிறது என்று பாருங்கள். உங்கள் கிரேட் அந்தக் குதிப்புக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஒரே நேரத்தில் நான்கு தொடர்

வேண்டாம். ஒன்று.

விலை ஏறும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது

நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903 ஓ மார்கன் ஒரு காலத்தில் அந்தத் தொடரின் பெரிய அபூர்வங்களில் ஒன்று. 1962-இன் கடைசியில் கருவூலத்தின் பெட்டகத்திலிருந்து அவை மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. அதை நம்பிப் பெரும் பணம் போட்டிருந்தவர்களின் கையில் இருந்த நாணயங்களின் விலை சில மாதங்களில் சரிந்தது. மார்கனை அதன் கனத்துக்காக, அந்தப் பளபளப்பு சக்கரம் போலச் சுழல்வதற்காக வாங்கியவருக்கு அன்றைக்கு எந்த நஷ்டமும் இல்லை.

முதல் நாளே வெரைட்டிகளுக்குப் போவது

வெரைட்டி என்றால் அச்சில் நேர்ந்த பிழையால் வேறுபட்ட நாணயம்: 1955 இரட்டை அச்சு சென்ட், 1942/1 டைம், பஃபலோ நிக்கலில் மூன்று கால் எருமை. எல்லாம் பிறகு. முதலில் சாதாரண நாணயம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும்.

கண்ணுக்கு ஒத்துவராத அளவு

இதை யாரும் சொல்வதில்லை. டைமின் விட்டம் 17.9 மில்லிமீட்டர். நாற்பது வயதைத் தாண்டியவர் இரவு விளக்கில் அதன் பின்பக்கத்தில் உள்ள கோல்கட்டைச் சுற்றிய பட்டைகளின் கோடு முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபமில்லை. வெள்ளி டாலரின் விட்டம் 38.1 மில்லிமீட்டர். கையில் எடுத்தாலே எல்லாம் தெரியும். தொடரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் ஐந்தாறு நாணயங்களையாவது கடையில் லென்ஸோடு உட்கார்ந்து பாருங்கள்.

மாநில குவார்ட்டர்களை ஏளனமாக ஒதுக்குவது

1999-இல் டெலாவேரில் தொடங்கி 2008-இல் ஹவாயில் முடிந்த ஐம்பது நாணயங்கள். கோடிக்கணக்கில் அடித்ததால் விலைமதிப்பு கிடையாது. ஆனால் சில்லறையிலேயே கிடைக்கும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் சேர்ந்து தேடுவார்கள். ஒரு தொடரை முழுதாக முடிப்பது எப்படி இருக்கும் என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 2004 விஸ்கான்சினில் சோளத்தட்டையில் ஓர் இலை கூடுதலாக உள்ளது ஒன்று உண்டு. அதுவரை பார்த்துவிட்டால் லென்ஸ் பிடிக்கவும் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

சிறிய தொடரைச் சாதாரணம் என்று நினைப்பது

பழைய பீஸ் டாலர் தொடர் மொத்தம் 24 நாணயங்கள்தான். 1921 முதல் 1928 வரையும், பிறகு 1934, 1935-உம். அந்தோணி டி பிரான்சிசி தன் மனைவியின் முகத்தை மாதிரியாக வைத்து வடிவமைத்தது. 1921-இன் நாணயம் மட்டும் உயர்ந்த புடைப்பில் இருக்கும். அடிக்கச் சிரமமாக இருந்ததால் அடுத்த வருடமே தாழ்த்திவிட்டார்கள். மிகக் குறைவாக அடித்த 1928 பிலடெல்பியாவைக்கூடச் சேமித்து வாங்கிவிடலாம். அதிலும் 1928 எஸ்-இல் எழுத்தைச் சுரண்டி எடுத்த போலி உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நடந்து போகும் லிபர்ட்டி பிடித்திருந்தும் 1921 பயமுறுத்தினால், 1941 முதல் 1947 வரை உள்ள 20 நாணயங்களை மட்டும் ஒரு தொகுப்பாகச் சேருங்கள். இது குறுக்குவழி இல்லை. பலரும் ஏற்றுக்கொண்ட தொகுப்பு, அதற்கென்றே ஆல்பங்கள் உண்டு.

ஆனால் புதியவர் யாராவது என்னிடம் ஒரே ஒரு பெயர் கேட்டால் பிராங்க்ளின் ஹாஃப் டாலரைத்தான் சொல்வேன். 1948 முதல் 1963 வரை, 35 நாணயங்கள். முன்பக்கம் பெஞ்சமின் பிராங்க்ளின், பின்பக்கம் சுதந்திர மணி. கழுகு இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொன்னதால் மணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கழுகை வைத்தார்கள். கென்னடி கொல்லப்பட்டதும் 1964-இல் அவர் முகம் வந்து இந்தத் தொடர் நின்றுபோனது. இதில் 1916 டி போல வழிமறிக்கும் நாணயம் ஒன்றுகூட இல்லை. மிகக் குறைவாக அடித்த 1955-கூட 24 லட்சத்துக்கு மேல். 35-ஐயும் புதிய நிலையில் சேர்ப்பது மாதச் சம்பளக்காரருக்கு நிச்சயம் முடியும். ஒரே ஒரு நிபந்தனை: மணியின் அடியில் உள்ள கோடுகள் முழுதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 1953 எஸ்-இல் அந்தக் கோடுகள் முழுதாக விழுந்தவை அத்தனை அரிது. கோடு இல்லாத 1953 எஸ்-ஸைப் புதிய நிலையில், கீறல் இல்லாததாகப் பார்த்து வாங்கி வையுங்கள்.